இறங்கும்போது நிரம்பும் வண்டி

1

நான் இருக்கும் ஊரில் மேடு கிடையாது. கனடாவின் நடுவில், சாஸ்கச்சுவான் என்கிற மாகாணத்தில், வீட்டு வாசலில் நின்றால் அடுத்த ஊரின் தானியக் கிடங்கு தெரியும். அவ்வளவு தட்டை. ஜவ்வாது மலையில் பிறந்தவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேண்டாம் என்று வந்த புதிதில் புலம்பிக்கொண்டிருந்தேன். இப்போது புலம்புவதில்லை. மேடு இல்லாத குறையைக் காற்று தீர்த்துவைக்கிறது.

வேலை, கோல்டு ரூம் மெக்கானிக். வெளியே மைனஸ் முப்பது டிகிரி இருக்கும். கடைக்காரர்கள் போன் போட்டு, உள்ளே இறைச்சி வைக்கும் அறை குளிரவில்லை, உடனே வா என்பார்கள். "கதவைத் திறந்து வையுங்கள், போதும்" என்று ஒருமுறை ஒரு கடைக்கார அம்மாவிடம் விளையாட்டாகச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. என் மேலதிகாரியும் சிரிக்கவில்லை.

இந்த வேலைக்காகக் கம்பெனி எனக்கு ஒரு பிக்கப் டிரக் கொடுத்திருக்கிறது. பேட்டரியில் ஓடும் வண்டி. நம்மூர்க் குட்டி யானை வண்டியைத் தூக்கி இதன் முதுகில் வைத்துக் கட்டிவிடலாம், அவ்வளவு பெரியது. காலையில் பொத்தானை அமுக்கினால் திரையில் 'குட் மார்னிங், சின்னையன்' என்று வரும். சின்னையன் என் அப்பா. என் பெயர் குமரேசன். இங்கே வந்திறங்கியபோது குடும்பப் பெயர் என்னவென்று கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, அப்பா பெயரைத்தான் பக்கத்தில் போட்டுக்கொள்வோம் என்றேன். கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "அப்படியானால் அவரும் வருகிறாரா?" என்று கேட்டாள். அதைத் திருத்துவதற்கு நான் அலைந்த அலைச்சலை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். கடைசியில் விட்டுவிட்டேன். வேலூர் ஆஸ்பத்திரியைத் தாண்டி எங்குமே போகாத மனிதர், இப்போது தினமும் கனடாவில் வண்டி ஓட்டுகிறார்.

போன வாரம் ஒரு நாள் மதியம், நெடுஞ்சாலை ஓரத்து சார்ஜ் நிலையத்தில் வண்டியைச் சொருகிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பேட்டரி குளிர்ந்து கட்டையாகிக் கிடந்ததால் சார்ஜ் ஏறுவேனா என்றது. ஹீட்டரை அணைத்துவிட்டுக் கம்பளிக்குள் கிடந்தபோது போன் சிணுங்கியது. என் தங்கை மல்லிகா, மலையிலிருந்து. ஒரு படமும் குரல் செய்தியும் அனுப்பியிருந்தாள். படத்தில் அவளுடைய குட்டி மின்சார வண்டி. நெற்றி நிறைய மஞ்சள், குங்குமம், அதற்கு மேல் கொழுத்த சாமந்தி மாலை.

"அண்ணா, வண்டிக்கு ஒரு வருசம் ஆச்சு. கேக்கு வெட்டலாம்னு சொல்லுதுங்க பசங்க. வண்டி கேக்கு துன்னுமா?"

அந்தக் குளிரில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். அந்த வண்டி மலைக்கு வந்த கதையைத் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. அதில் எனக்கும் பங்கு உண்டு. பெருமையடித்துக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பேட்டரி வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்று விளம்பரத்தில் போடுவார்கள். அது மாப்பிள்ளை வீட்டில் சொல்லும் சம்பளம் மாதிரி. பொய்யென்று சொல்ல முடியாது. கைக்கு வருவது வேறு.

குளிர் வந்தால் பேட்டரியின் பலம் பாதியாகிவிடும். டீசல் வண்டியில் இன்ஜின் சூட்டிலேயே உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் குளிர்காயலாம், அது இனாம். இதில் விரலைச் சூடாக்கக்கூடப் பேட்டரிதான் படியளக்க வேண்டும். வேகமாகப் போனால் காற்றைக் கிழிக்கவே சார்ஜ் போய்விடும். எதிர்க்காற்று அடித்தால் மெதுவாகப் போனாலும் அதே கதைதான். பனிக்காலத்து டயர் பட்டை பட்டையாகச் சாலையைப் பிடித்துக்கொண்டு வண்டியை விடாது. பின்னால் டிரெய்லரில் ஒரு கம்ப்ரசரை ஏற்றிக் கட்டினால் போதும், திரையில் இருக்கும் எண் கண்ணெதிரே உருகும்.

முதல் குளிர்காலத்தில் இதெல்லாம் ஒரே நாளில் சேர்ந்துகொண்டது. நடு நெடுஞ்சாலையில் வண்டி படுத்துவிட்டது. இழுத்துப்போக வந்த கிழவர் என்ன ஆயிற்று என்றார். ஊர் ஞாபகத்தில் "கரண்ட் போச்சு" என்பதை அப்படியே இங்கிலீஷில் போட்டுவிட்டேன். அவர் சாலையோர மின்கம்பங்களை அண்ணாந்து பார்த்தார்.

அன்றிலிருந்து நான் கஞ்சன். வீட்டிலிருந்து கிளம்பும்போதே, பிளக்கில் இருக்கையிலேயே வண்டியைச் சூடாக்கிக்கொள்வேன். வழியில் ஹீட்டர் கிடையாது, இருக்கைச் சூடு மட்டும்தான். இதனால் எனக்கும் என் மகள் கயலுக்கும் தினமும் சண்டை. பதினைந்து வயது. பள்ளியில் விட்டுவிடும் பத்து நிமிடத்துக்குள் ஹீட்டரை உச்சத்தில் வைப்பாள். நான் அணைப்பேன், அவள் போடுவாள். தமிழில் திட்டினால் இங்கிலீஷில் பதில் வரும். பிறகு காதில் ஒன்றை மாட்டிக்கொள்வாள், அதோடு பேச்சு முடிந்தது. சின்ன வயதில் 'ப்பா, ப்பா' என்று தமிழை மழையாகப் பொழிந்த பெண். எந்த வருடத்தில் அது நின்றது என்று யோசித்தால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

3

போன வருடம் பொங்கலுக்கு முன்னால், அவளையும் இழுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. கயல் வேண்டாவெறுப்பாக வந்தாள். மலையில் நெட் எடுக்குமா என்பதுதான் விமானத்தில் அவள் கேட்ட ஒரே கேள்வி.

ஊரில் மல்லிகா எனக்காக ஒரு பஞ்சாயத்தோடு காத்திருந்தாள்.

எங்கள் ஊரில் விளைவது சாமை, புளி. எது விளைந்தாலும் மலை இறங்கினால்தான் காசு. இறக்குவதற்கு இருந்தது ஒரே வண்டி, கீழேயிருந்து வரும் ஒரு வியாபாரியின் டீசல் வண்டி. அவர் வந்தால் சந்தை, வராவிட்டால் மூட்டைக்கு எலி. அவர் சொல்வதுதான் விலை. பிடிக்கவில்லை என்றால், "அப்ப நீங்களே தூக்கினு எறங்குங்க" என்பாராம். இதை ஒருநாள் மல்லிகாவின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அவர் கணக்கில் செய்த ஒரே தப்பு அதுதான்.

மல்லிகா மகளிர் குழுவின் தலைவி. கீழே போய் வண்டி ஓட்டக் கற்று, லைசென்ஸ் வாங்கி வந்துவிட்டாள். பிறகு வீடு வீடாக ஏறி இறங்கி, குழுவே ஒரு மின்சார லோடு வண்டி வாங்குவது என்று பெண்களைச் சம்மதிக்க வைத்தாள். டீசலுக்கு மலை இறங்க வேண்டியதில்லை, பிளக் ஊரிலேயே இருக்கிறது என்பது அவள் கட்சி.

கடன் கொடுக்கும் அலுவலகத்தில் முட்டுக்கட்டை விழுந்தது. மலைக்கு ஏற்ற வண்டி என்று சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அப்படி ஒரு சான்றிதழே கிடையாது என்றது ஷோரூம். இல்லாத சான்றிதழுக்காக அவள் மூன்று மாதம் நடந்தாள். கடைசியில் ஒரு அலுவலர் மனமிரங்கி வழி சொன்னார். சோதனை ஓட்டம். முழு லோடோடு ஊரிலிருந்து கிளம்பி, மலை இறங்கி, கீழே சந்தவாசல் ஊரைத் தாண்டி மில்லில் போட்டுவிட்டு, நடுவில் எங்கும் சார்ஜ் போடாமல் ஊர் திரும்ப வேண்டும். திரும்பினால் அங்கேயே கையெழுத்து. திரும்பாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

"நீ இன்னாண்ணா சொல்ற? நீ தான் தெனமும் அந்த வண்டிய ஓட்றியே."

நான் யோசிக்கவே இல்லை. கனடாவில் பட்ட பாட்டையெல்லாம் ஒன்று விடாமல் கொட்டினேன். வேண்டவே வேண்டாம், நடுவழியில் கழுத்தறுக்கும் என்றேன். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களின் முகம் தொங்கிவிட்டது.

கோவிந்தன் மாமாவுக்கு மட்டும் ஒரே சந்தோஷம். அவர் இந்த மலையில் வருடக்கணக்காக ஜீப் ஓட்டியவர். ஜீப் செத்துவிட்டது, வாய் சாகவில்லை. "டீசல் வண்டியே மூச்சு வாங்குற எடத்துல, பேட்டரி வண்டி பாட்டு பாடுமா?" என்றார்.

 எல்லோரும் போன பிறகு மல்லிகா என் பக்கத்தில் வந்து குந்தினாள். "இது மட்டும் நடக்கலன்னா நான் இந்த ஊர்ல தல காட்ட முடியாதுண்ணா. அந்த ஆளு வண்டிக்கே மறுபடியும் போய் நிக்கணும். அதுக்கு நான் சாமையக் கொளுத்திட்டு போய்டுவேன்." அவள் கண் கலங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

4

மறுநாள் காலை சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பனி விலகாத நேரம். ஊரே மப்ளர் சுற்றிக்கொண்டு நடுங்க, நான் மட்டும் அரைக்கைச் சட்டையில் கெத்தாக நடந்தேன். வியாபாரியின் வண்டி மூட்டைகளோடு வளைவில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றவனுக்குச் சட்டென்று உறைத்தது. நான் கனடாவில் சுமையோடு போய்ச் சுமையோடு திரும்புகிறேன். இங்கே சுமை இறங்க மட்டும்தானே செய்கிறது!

பேட்டரி வண்டிக்கு ஒரு குணம் உண்டு. இறக்கத்தில் காலை எடுத்தால் மோட்டார் டைனமோ ஆகிவிடும். பழைய சைக்கிளில் சக்கரம் சுற்றினால் விளக்கு எரியுமே, அதே சங்கதிதான். சக்கரம் சுற்றச் சுற்ற, பேட்டரிக்குச் சார்ஜ் திரும்பி வரும். மேலே இருக்கும் மூட்டைகளே வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கும். எவ்வளவு கனமோ அவ்வளவு வரவு. ஏறும்போது வண்டி காலி. குளிரா, அது இங்கே விளையாட்டு. ஹீட்டர் கிடையாது. வளைவுச் சாலையில் வேகமும் கிடையாது. என்னைக் கனடாவில் கவிழ்த்த ஒவ்வொன்றும் இந்த மலையில் நம் பக்கம் நிற்கிறது!

வீட்டுக்கு ஓடினேன். மல்லிகாவின் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கி வைத்துவிட்டு, "வண்டி ஏறும்" என்றேன். அந்த நிமிடத்திலிருந்து அந்த வண்டியைப் பெற்றவன் நான்தான் என்பதுபோல நடந்துகொண்டேன். அதுவரை வேண்டாம் என்றவன் ஒரே காலையில் பூசாரி ஆகிவிட்டான் என்று ஊர் பேசியது.

சோதனைக்கு முந்தின நாள், ஷோரூமில் ஓட்டிப் பார்க்க வைத்திருந்த பழைய வண்டி வந்தது. குழுக் கட்டடத்தில் பிளக் போட்டு, எலுமிச்சை வைத்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். சாயங்காலம் திரையில் எண்பது சதவீதம் வந்ததும் நான் போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

அவ்வளவுதான். சாந்தி என்கிற பெண் எழுந்துவிட்டாள். "பாத்தியா மல்லிகா? வண்டி வாணாம்னு சொன்னவரு தானே. சோறு போட்ற நேரத்துல எலைய உருவறாரு. ஊருக்குப் போற வண்டிய யாருனா அர வயித்தோட அனுப்புவாங்களா?"

நம் வழக்கம் அப்படி. மாட்டைக்கூடத் தண்ணி காட்டாமல் வண்டியில் பூட்ட மாட்டோம். நான் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். "சாந்தி, ஒன் வூட்டு தொட்டி ரொம்பி வழியுது. அப்ப மழ வந்தா, அந்தத் தண்ணிய எதுல புடிப்ப? எறக்கத்துல வர்ற சார்ஜுக்கு எடம் வேணும். எடம் இல்லன்னா மோட்டாரு வண்டியப் புடிக்காது. வெறும் பிரேக்க நம்பி, இவ்ளோ மூட்டையோட எறங்கணும்."

பாதிப் பேருக்கு நம்பிக்கை வரவில்லை. எல்லோரும் மல்லிகாவைப் பார்த்தார்கள். அவள் பிளக்கை எடுத்து ஒயரைச் சுருட்டி வைத்தாள். பிறகு, "அண்ணன் சொல்றபடி வுடுங்க. கவுந்தா நான் கவுந்துக்கறேன்" என்றாள். 

காலையில் அலுவலர் முதல் பஸ்ஸில் வந்தார். கையோடு ஒட்டுக் காகிதம் கொண்டுவந்திருந்தார். சார்ஜ் போடும் மூடியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, ஓட்டுப் பெட்டிக்குச் சீல் வைப்பதுபோல அதன்மேல் கையெழுத்தும் போட்டார். "நான் இங்கேயே உக்காந்திருப்பேன். சீல் கிழிஞ்சிருந்தா கதை முடிஞ்சது" என்றார். இனி ஒரு சொட்டுச் சார்ஜ்கூட ஏற்ற முடியாது. என் வாயை நம்பி ஒரு ஊரே நின்றது.

5

மல்லிகா ஓட்ட, நானும் கயலும் முன்னால் நெருக்கிக்கொண்டோம். சாமை மூட்டைகளின் மேல், ஊரின் சாட்சியாகக் கோவிந்தன் மாமா. கயலின் போனில் சிக்னல் இல்லை. அதனால் திரையில் எண்ணைப் படித்துச் சொல்லும் வேலையை அவளிடம் கொடுத்தேன். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, கடமைக்குப் படித்தாள்.

ஊரிலிருந்து மலையின் விளிம்புக்கு வருவதற்குள், மேலும் கீழுமாக ஏறி இறங்கி எழுபத்தாறு ஆகிவிட்டது. மல்லிகா என்னைப் பார்க்கவில்லை, சாலையை மட்டும் பார்த்தாள். முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. "கால எடு" என்றேன். எடுத்தாள். யாரோ பின்னால் கயிறு கட்டி இழுத்துப் பிடித்ததுபோல வண்டி நிதானப்பட்டது. பிரேக்கைத் தொடாமலே இறங்கினோம். நாலு வளைவு போயிருக்கும்.

"செவன்ட்டி செவன்" என்றாள் கயல். பிறகு நிமிர்ந்தாள். "அப்பா, இது ஏறுது!"

அவளாகத் தமிழில் பேசினாள். நான் காட்டிக்கொள்ளவில்லை.

பின் கண்ணாடி வழியாக மாமாவின் முகம் தெரிந்தது. கேபினின் கூரையைத் தட்டினார். "இன்னாம்மே மல்லிகா, போவப் போவ ரொம்புது? மீட்டரு கெட்டுப் போச்சா?"

"மீட்டரு நல்லா தான் கீது மாமா. நம்ம சாமை தான் சார்ஜு போடுது!"

அடிவாரத்தில் எண்பது. கிளம்பும்போது இருந்த அதே எண்பது. மல்லிகா ஹாரனை நிறுத்தாமல் அடித்துக்கொண்டே மலையை விட்டு வெளியே வந்தாள். எதிரே வந்த படவேடு பஸ்ஸின் டிரைவர் யாருக்குக் கல்யாணம் என்று பார்த்திருப்பார்.

சமவெளியில் என் கஞ்சத்தனத்துக்கு வேலை வந்தது. மூட்டை மேல் போர்த்திய தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நிறுத்தி, இழுத்துக் கட்ட வைத்தேன், அது காற்றைப் பிடித்து இழுக்கும். சந்தவாசல் பஞ்சர் கடையில் டயருக்குக் காற்று ஏற்ற வைத்தேன். மல்லிகா வேகத்தைக் கூட்டினால் முறைத்தேன். "கனடாவுல போலீஸு வேலையா செய்ற?" என்று கேட்டாள்.

மில்லில் அவளே எடை போட்டாள், அவளே விலை பேசினாள். மூட்டைகள் இறங்கின. பேட்டரியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. வண்டி காலி. கணக்குப்படி மலையில் பாட்டே பாடலாம்.

6

திரும்பி வருகையில் சந்தவாசலில் ஒரு கூட்டம் நின்றது. எல்லோரும் எங்கள் மலைக்காரர்கள். உர மூட்டை, கூரைக்குச் சிமெண்ட் ஷீட், ஒரு ஆடு. ஒருத்தி பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு நின்றாள். கை காட்டினார்கள். மல்லிகா நிறுத்திவிட்டாள்.

நான் பதறிப்போனேன். "மல்லி, இன்னிக்கு மட்டும் வாணாம். காலியா போனா தான் கணக்கு."

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "அண்ணா, மலைக்குக் காலியா ஏறுற வண்டிய நீ எங்கியாவது பாத்துகிறியா? பஸ்ஸு சாயங்காலம் தான். பச்சப் புள்ளய வெயில்ல வுட்டுட்டு வர்றதா? அப்பிடி வாங்குன வண்டி நமக்கு இன்னாத்துக்கு?"

காற்று, குளிர், டயர், வேகம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தவன், மனிதர்களைச் சேர்க்கவில்லை. கனடாவில் சேர்க்க வேண்டியதில்லை. அங்கே சாலையில் கை காட்டுகிறவனைக் கண்டால் கண்ணாடியை ஏற்றிவிட்டு வேகத்தைக் கூட்டுவோம். பேட்டரி எவ்வளவு தூரம் போகும் என்பதில், வழியில் யார் யார் கை காட்டுவார்கள் என்பதும் உண்டு என்று எந்த விளம்பரமும் சொல்லவில்லை.

கைக்குழந்தைக்காரி முன்னால் வந்தாள், நான் பின்னால் ஆட்டோடு போனேன்.

மலை ஏறத் தொடங்கியதும் எண் சரிந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் கயல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினாள். நாற்பது. முப்பத்தேழு. முப்பத்து மூன்று. மேடு ஏறும்போது வண்டி இனிமேலும் இதே மேடுதான் என்று நினைத்து, எண்ணுக்குப் பக்கத்தில் வரும் தூரக் கணக்கையும் குறைத்துக் காட்டும் என்று எனக்குத் தெரியும்.  ஆனாலும் சீலைக் கிழித்துச் சார்ஜ் போட வழியில்லை, ஊரில் அலுவலர் உட்கார்ந்திருக்கிறார். சிமெண்ட் ஷீட்டை இறக்கிப் போட்டுவிடலாமா என்று பார்த்தேன். அதன் சொந்தக்காரர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, பேட்டரிக்குப் பசிக்குது!" என்று முன்னாலிருந்து கயல் கத்தினாள்.

கோவிந்தன் மாமா கூரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "நிறுத்தும்மா. எல்லாம் எறங்குங்க. ஜல்தி."

ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. ஜீப் காலத்துப் பழக்கம். அந்த ஜீப்பின் ரேடியேட்டர் இந்த வளைவுகளில்தான் கொதிக்கும். சாலை சுற்றிச் சுற்றி ஏறுகிற இடத்தில், புதருக்குள் நெட்டுக்குத்தாக ஒரு குறுக்கு வழி உண்டு. பாரம் இறங்கிக் குறுக்கே நடந்து போய், மேல் வளைவில் வண்டிக்காகக் காத்திருக்கும். மலைக்காரர்களின் கால் இதை மறக்கவில்லை. குழந்தையும் தாயும் ஷீட்டும் உர மூட்டையும் மட்டும் வண்டியில் இருக்க, ஆடு உட்பட மற்ற எல்லோரும் புதருக்குள் இறங்கிவிட்டார்கள். கயலும் கதவைத் திறந்துகொண்டு குதித்தாள்.

"நீ எங்க?" என்றேன்.

"நானும் வெயிட் தானே, அப்பா" என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குப் பின்னால் ஓடினாள்.

நான் மூச்சிரைக்க மேல் வளைவுக்கு வந்தபோது, எல்லோரும் மதகுக் கட்டையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கயல் கை நிறைய நெல்லிக்காய். தலையில் ஒரு சருகு. கீழிருந்து சத்தமே இல்லாமல் வண்டி ஏறி வந்தது. "இன்னா மல்லிகா, இப்ப தான் வர்றியா?" என்று பெண்கள் கேலி செய்தார்கள். ஏறினோம். அடுத்த செங்குத்தில் மறுபடியும் இறங்கினோம். இப்படியே வண்டி ஒரு வழியாகவும் ஊர் ஒரு வழியாகவும் மலை ஏறின. விளிம்புக்கு வந்தபோது பதினைந்து இருந்தது. அங்கிருந்து ஊர் வரைக்கும் ஏற்றமும் இறக்கமும் கலந்த சாலை. மல்லிகா ஒவ்வொரு இறக்கத்தையும் வழித்து எடுத்தாள்.

7

ஒன்பது. ஊருக்குள் நுழையும்போது திரையில் இருந்தது அதுதான். பறைச் சத்தம் ஒன்றுதான் பாக்கி, மற்றபடி திருவிழா. சாந்தி ஓடி வந்து முதலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எலைய உருவுனது நல்லதுக்கு தாண்ணா" என்றாள்.

அலுவலர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீலைத் தடவிப் பார்த்தார். தூசியைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை. அப்போது பின்னாலிருந்து உர மூட்டைக்காரரும் ஆட்டுக்காரரும் நடந்து வந்தார்கள். அலுவலர் புருவத்தைச் சுருக்கினார். "இவங்கல்லாம் இதுலயா வந்தாங்க? சரக்கு வண்டியில ஆள் ஏத்தக் கூடாதும்மா."

"நடந்து தான் சார் வர்றாங்க. நீங்களே பாக்கறீங்களே" என்றாள் மல்லிகா. கடைசி வளைவில் எல்லோரையும் இறக்கிவிட்டிருந்தாள்.

அவர் கையெழுத்துப் போட்டார். கோவிந்தன் மாமாவின் தீர்ப்புக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். சூடே இல்லை. "பாட்டு பாடல. ஆனா மூச்சும் வாங்கல" என்றார். அதைவிடப் பெரிய சான்றிதழை எந்த அலுவலகத்திலும் வாங்க முடியாது.

இந்த ஆரவாரத்தில் அலுவலர் கடைசி பஸ்ஸைக் கோட்டைவிட்டார். இன்னொரு பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமானால் கீழே கூட்ரோட்டுக்குப் போக வேண்டும். கொஞ்ச நேரம் அங்குமிங்கும் பார்த்தார். பிறகு தான் ஒட்டிய சீலைத் தானே கிழித்து, பிளக்கைத் தானே செருகினார். கஞ்சி குடித்து முடிக்கும் வரை சார்ஜ் ஏற விட்டார். மல்லிகா வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தபோது, சாலையோரத்தில் நின்று கொஞ்சம் கூச்சத்தோடு கையைக் காட்டினார்.

மலையே குலுங்கச் சிரித்தோம்.

8

போன வாரம் சார்ஜ் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் படத்தைக் கயலிடம் காட்டினேன். காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு வாங்கிப் பார்த்தாள். மாலைக்குக் கீழே ஏதோ எழுதியிருக்கிறதே, அது என்ன என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. அத்தையிடம் அவளே கேட்டாள். அவள் தமிழ் இப்போதும் நொண்டுகிறது, ஆனால் நடக்கிறது. ஹீட்டர் சண்டையும் முன்போல் இல்லை. "அத்தை வண்டியில ஹீட்டரே இல்ல" என்று அவளே அணைத்துவிடுகிறாள். வாரம் ஒருமுறைதான் என்றாலும் எனக்கு அது பெரிய வெற்றி.

மல்லிகா மாலையை விலக்கி இன்னொரு படம் அனுப்பினாள். வண்டியின் நெற்றியில் சிவப்பு எழுத்து. கயல் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

"கை... காட்டினால்... நிற்கும்."

நான் உடனே மல்லிகாவைக் கூப்பிட்டேன். "இன்னாடி இது, போலீஸு புடிக்க மாட்டானா?"

"அவங்களும் தான் கை காட்றாங்கோ" என்றாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இத்த கேளுண்ணா. போன வாரம் நம்ம வியாபாரி வண்டி மலைல நின்னு போச்சு. டீசல் இல்ல. வெயில்ல நின்னுகினு இருந்தாரு. என்னப் பாத்துட்டு மூஞ்சத் திருப்பிகினாரு. அப்பறம் மெதுவா கையத் தூக்குனாரு."

"நிறுத்துனியா?"

"போர்டு எழுதி வெச்சிட்டு நிறுத்தாம போவ முடியுமா?"

"முன்னால குந்த வெச்சியா?"

"முன்னால எடம் இல்லண்ணா. பின்னால, நம்ம புளி மூட்ட மேல குந்தினு எறங்குனாரு. அவரு கனத்துக்கும் கொஞ்சம் சார்ஜு ஏறுச்சு."